வீட்டுப்பேரும் விளிப்பேரும்

வெளிநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவானாலும் அதற்கு ஒரு 'சர்நேம்' கதை இருக்கும். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு கடைசிப் பெயர் இருந்து ஏர்போர்ட்டில் விழித்த கதை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அப்பா பேர் சொல்லியே கூப்பிட்ட கதை, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்.என்.யு.' என்று வந்து விழுந்த கதை. (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். எனக்குத் தெரிந்த ஒருத்தரை ஆபீசில் ஆறு மாசம் 'ஃப்னு' என்றே கூப்பிட்டார்கள். அவரும் பாவம், திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.) 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ்காரர்கள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று சொல்லி, ஊரில் இருந்த பல அப்பா அம்மாக்களின் டிக்கெட்டில் மண்ணைப் போட்டார்கள். பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கட்டம் வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. மகள் ஒரு கற்பனை ராஜ்யம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வரைபடம் தயார். மூன்று ஆறு, ஒரு மலை, ஆளை விழுங்கும் காடு ஒன்று. ஆனால் ராணியில் இருந்து குதிரைக்காரன் வரைக்கும் எல்லாருக்கும் முன்னால் ஒரு பேர், பின்னால் ஒரு குடும்பப் பேர், அச்சில் வார்த்த மாதிரி. "இது என்ன மக்ளே, எல்லாரும் ஒரே ஆபீசில வேலை பாக்கிற மாதிரி இருக்கு?" என்றேன். "அப்ப நம்ம ஊர்ல எப்படிப்பா வைப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு அவளிடம் சொன்னதும், சொல்ல ஆரம்பித்த பிறகு நான் தேடிப் படித்ததும்தான் கீழே வருவது.

கற்பனை உலகம் படைத்தவர்களில் கெட்டிக்காரர்கள் பெயரில்தான் அந்த நாட்டின் சட்டத்தை ஒளித்து வைப்பார்கள். டோல்கீனின் கதையில் ஹாபிட்டுகளுக்குக் குடும்பப் பெயர் உண்டு, குள்ளர்களுக்கு இன்னார் மகன் இன்னார் என்ற வழக்கம்தான். ஜார்ஜ் மார்ட்டின் கதையில் பிரபு வீட்டில் முறை தவறிப் பிறந்த பிள்ளைக்கு அப்பன் பேர் கிடையாது. வடக்கே பிறந்தால் 'ஸ்னோ', தெற்கே பாலைவனப் பக்கம் பிறந்தால் 'சாண்ட்'. உர்சுலா லெ க்வின் 1968இல் எழுதிய எர்த்ஸீ கதையில் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு பேர்: ஊர் கூப்பிட ஒன்று, ரகசியமான உண்மைப் பேர் ஒன்று. உண்மைப் பேரைத் தெரிந்தவனுக்கு அந்த ஆளின் மேல் அதிகாரம் உண்டு.

இதையெல்லாம் படித்து வாயைப் பிளக்கிற நாம், இவை எல்லாம் ஒரே இடத்தில் நடந்த ஒரு நாட்டில் இருந்து வந்தவர்கள். பழைய திருவிதாங்கூரின் தெற்குக் கோடியைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணைக்குப் பக்கம். அன்றைக்கு நெய்யாற்றின்கரைத் தாலுகா, 2014க்குப் பிறகு காட்டாக்கடைத் தாலுகா, சட்டசபைக்குப் பாறசாலைத் தொகுதி. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழகத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் கிடைக்காத தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. களியக்காவிளையில் கோடு விழுந்தது. நாங்கள் அந்தப் பக்கம். ஆகவே வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும், பேரில் இரண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளின் முழுப்பேர் வீட்டில் இருந்து தொடங்கும். விளை என்றால் மரச்சீனியும் தென்னையும் நிற்கும் கரைநிலம். விளாகம் என்றால் சுற்றி வளைத்த புரையிடம். கோணம், கரை, குளம், பாறை எல்லாமே வீட்டுப்பேரில் வரும். பிலாவிளை, மாவிளை, குளத்தின்கரை, கிழக்கேக்கரை, மேலே வீடு, கீழே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்து ஒருத்தன் புதிதாக வீடு வைத்தால் அது 'புத்தன்வீடு'. நூறு வருஷம் கழித்து ஓடு எல்லாம் உடைந்து ஒழுகினாலும் அது புத்தன்வீடுதான். :-) ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் எழுதிய 'புத்தம் வீடு' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வேடிக்கை புரியும். பழம்பெருமை பேசிக்கொண்டு நொடிந்துபோன குடும்பத்தின் பேர் அது. உள்ளே பாட்டா கண்ணப்பச்சி, பேத்தி லிஸி, பனையேறி மகன் தங்கராஜ். இந்த மூன்று பேரை மட்டும் வைத்தே எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையையும் பாதி ஊகித்துவிடுவார். கதாபாத்திரத்துக்குப் பேர் வைப்பது என்றால் அது.

எனக்குப் பிடித்த வீட்டுப்பேர் 'ரோட்டரிகத்து வீடு'. ரோட்டுக்கு அரிகில் இருக்கும் வீடு, அவ்வளவுதான். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு இது பரம்பரைப் பேர்.

இந்த வீட்டுப்பேர் முறைக்குள் ஒரு பயங்கரம் இருக்கிறது. அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். மார்த்தாண்டவர்மா (ஆட்சி 1729–1758) பட்டத்துக்கு வரும் சமயத்தில் அவரை எதிர்த்து நின்றவர்கள் எட்டுவீட்டில் பிள்ளைமார். கழக்கூட்டம், ராமனாமடம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், மார்த்தாண்டம், பள்ளிச்சல், குளத்தூர் என்று எட்டு வீட்டுத் தலைவர்கள். சரித்திரத்தில் இவர்களுக்குச் சொந்தப் பேர் அநேகமாக இல்லை. கழக்கூட்டத்துப் பிள்ளை, பள்ளிச்சல் பிள்ளை, அவ்வளவே. ராஜா ஜெயித்தார். பிள்ளைமார் கழுவேற்றப்பட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைத் துறைகளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். அதோடு நிற்கவில்லை, வீடுகளை இடித்து அந்த இடத்தில் குளம் தோண்டினார்கள். 'குளம் தோண்டுதல்' என்பது அன்றைய தண்டனைகளில் ஒன்று. வீட்டை இடித்தால் போதாதா, எதற்குக் குளம் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. பேர் வீட்டில் இருந்து வருகிற நாட்டில், மறுபடி எழுப்ப முடியாதபடி வீட்டை அழித்தால் பேரே அழிந்த மாதிரி. அந்த வம்சத்தில் பிறந்தவன் பிறகு எந்த வீட்டான் என்று சொல்வான்?

ராஜாவை எதிர்த்த இன்னொரு கூட்டம் தம்பிமார். பப்புத்தம்பி, ராமன்தம்பி. முந்தைய ராஜா ராமவர்மாவின் சொந்தப் பிள்ளைகள். திருவிதாங்கூரில் மருமக்கள் வழி, அதாவது சகோதரியின் மகனுக்குத்தான் பட்டம். ராஜாவின் மகன் ராஜகுமாரன் இல்லை, அவன் 'தம்பி', மகள் 'தங்கச்சி', ராஜாவின் மனைவி ராணி இல்லை, 'அம்மச்சி'. மார்ட்டினின் ஸ்னோவைப் படித்தபோது எனக்குத் தம்பிமார்தான் ஞாபகம் வந்தார்கள். ஒரு வித்தியாசம், இங்கே முறை தவறிய பிறப்பு என்று எதுவும் இல்லை. ஊரறிய நடந்த சம்பந்தத்தில் பிறந்த பிள்ளைகள்தான். ஆனாலும் நீ அரியணைக்கு இல்லை என்று பேரே சொல்லிவிடும். அப்பன் நாட்டை அத்தை மகன் கொண்டுபோவதா என்று தம்பிமார் கேட்டதில், இன்றைக்கு நமக்கு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். அன்றைய சட்டத்தில் அது ராஜதுரோகம். இவர்கள் கதையைத் தமிழில் வில்லுப்பாட்டாகவே எங்கள் பக்கம் பாடியிருக்கிறார்கள்.

மார்த்தாண்டவர்மா எதிரிகளுக்குப் பயந்து ஒளிந்துகொண்ட பிலா மரப் பொந்து நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அந்த மரத்துக்குப் பேர் அம்மச்சிப் பிலாவு. ராஜாவைக் காப்பாற்றிய மரத்துக்கும் உறவுப் பேர் கொடுத்துவிட்டார்கள்.

இந்த ஒளிவு மறைவுக் காலத்தைத்தான் சி.வி. ராமன்பிள்ளை 1891இல் 'மார்த்தாண்டவர்மா' என்று நாவலாக எழுதினார். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். அதில் அனந்தபத்மநாபன் என்று ஒரு வீரன் வருகிறான். திருமுகத்துப் பிள்ளை என்னும் பிரபுவின் மகன். செத்துப்போனான் என்று எல்லாரும் நினைக்க, 'பிராந்தன் சான்னான்' என்று மாறுவேடத்தில் திரிந்து இளவரசரைக் காப்பாற்றுகிறான். பிராந்தன் என்றால் பைத்தியம். சான்னான் என்பது நாடார்களுக்கு அன்று வழங்கிய, இன்று யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்ளாத பேர். ஆனால் நாடார் சமூக வரலாறு எழுதியவர்கள் சொல்வது வேறு. மார்த்தாண்டவர்மாவின் படையில் இருந்த அனந்தபத்மநாபன் நாடார் என்பவர்தான் அந்த வீரர், களரி ஆசான் குடும்பம், வேடமே தேவைப்படாத ஆள் என்கிறார்கள்.

நாவலை நான் குறை சொல்ல வரவில்லை, அது எழுதப்பட்ட விதத்தில் அருமையான நாவல். ஆனால் கவனியுங்கள், இரண்டு பக்கமும் அனந்தபத்மநாபன் என்ற பேரில் தகராறு இல்லை. முன்னால் வரும் திருமுகத்து என்பதா, பின்னால் வரும் நாடார் என்பதா, அதில்தான் வழக்கு. ஒரு வீரம் யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதை அந்த ஒட்டுச்சொல் தீர்மானிக்கிறது. நாவலாசிரியர் ஒரு பாத்திரத்துக்கு வைத்த பேர் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் டீக்கடையில் சண்டையாக நிற்கிறது. மகளிடம் இதைச் சொன்னபோது, அதுவரை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மேலே போகலாம். ராஜாக்களுக்குப் பேர் எப்படி? பிறந்த நட்சத்திரம். ஸ்வாதித் திருநாள், உத்திராடம் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள், கடைசி ராஜா சித்திரைத் திருநாள். சொந்தப் பேர் ராமவர்மா, பலராமவர்மா, மார்த்தாண்டவர்மா என்று மாறி மாறி வருவதால் நட்சத்திரம் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்த பிறகு எல்லா ராஜாவும் 'பத்மநாபதாசன்'. சாமியின் அடிமை.

கீழே என்ன நடந்தது? எந்தச் சாதிக்காரன் என்ன பேர் வைக்கலாம் என்பதில் ஊர்ப் பெரியவர்களுக்கு உரிமை இருந்தது. அய்யா வைகுண்டரின் கதை தெற்கே எல்லாருக்கும் தெரியும். 1809இல் சாமித்தோப்பில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பேர் வைத்தார்கள். முடியும் பெருமாளும் உனக்கு எதற்கு என்று மேல்சாதிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பேர் முத்துக்குட்டி என்று மாறியது. தலையில் துண்டு கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்றெல்லாம் சட்டம் இருந்த நாட்டில் பேரும் ஒரு உடைதான். பிற்காலத்தில் அவர் பக்தர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். இன்றைக்கும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது பேரில் இருந்து பிடுங்கிய முடி அது என்று எனக்கு ஒரு எண்ணம்.

புலையர்களுக்கு இன்னும் மோசம். வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளியின் பேரைப் பாருங்கள். அப்பா பேர் அய்யன், பிள்ளை பேர் காளி. அப்பா பேரை முன்னால் போடும் நம்ம இனிஷியல் வழக்கம், சுருக்காமல் அப்படியே நிற்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன பெண்குழந்தையின் பேர் பஞ்சமி. பிறந்த திதியாக இருக்கும். ராஜாவுக்கு நட்சத்திரம், அடிமைக்குத் திதி, இரண்டுக்கும் ஒரே பஞ்சாங்கம்! அந்தக் குழந்தை உள்ளே வந்ததற்காக ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் இருந்து தூரமில்லை. 2022இல் கேரள அரசு அதே பள்ளிக்கூடத்துக்கு அய்யன்காளி – பஞ்சமி பேரை வைத்தது.

பேரில் பூட்டிய பூட்டை உடைக்க அன்றைக்கு இருந்த வழிகளில் ஒன்று ஞானஸ்நானம். லண்டன் மிஷன் 1806 முதல் மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று பரவியது. வேதமாணிக்கம், ஞானாபரணம், மாசிலாமணி, சத்தியநேசன், நேசமணி என்று தமிழில் புதுப் பேர்கள் பூத்தன. மணியும் மாணிக்கமும் ஆபரணமும் பாருங்கள்! நகை போட விடாத சனங்கள் பேரில் போட்டுக்கொண்டார்கள். இயேசுதாசன், இயேசுவடியான் என்றும் வைத்தார்கள். பத்மநாபதாசனும் இயேசுதாசனும் இலக்கணப்படி ஒரே பேர். கொட்டாரத்தில் ஒன்று, குடிசையில் ஒன்று. அதுவரை ஊர்க்காரனுக்கு அடிமையாக இருந்தவனுக்கு, இனிமேல் சாமிக்கு மட்டும்தான் அடிமை என்று சொல்லிக்கொள்ள ஒரு பேர் கிடைத்தது.

இதில் ஒரு துணைக் கதை உண்டு. இங்கிலாந்தில் இருந்து பணம் அனுப்பி ஒரு மாணவியையோ உபதேசியாரையோ ஆதரிக்கும் புண்ணியவான்கள், தாங்கள் விரும்பிய பேரை அவர்களுக்கு வைக்கச் சொல்வார்கள். சந்தாக் கணக்கில் அந்தப் பேரில்தான் வரவு எழுதுவார்கள். அப்படித்தான் பனங்காட்டு நடுவில் அசல் இங்கிலீஷ் பேர்கள் முளைத்தன. ஊரில் அதை அப்படியே விட்டுவிடுவார்களா? நாலு நாளில் நாக்குக்குத் தோதாக வெட்டிச் செதுக்கி ஒரு விளிப்பேர் வந்துவிடும்.

விளிப்பேர் என்பது எங்கள் பக்கத்துச் சொல். விளிக்கிற பேர், கூப்பிடுகிற பேர். நாராயணன் நாணு ஆவான், பத்மநாபன் பப்பு ஆவான். (அருவிப்புறத்தில், நெய்யாற்றங்கரையில் 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த நாராயணகுரு அதற்கு முன்னால் வெறும் நாணு ஆசான்தான்.) முழுப்பேர் சர்ச் ரெஜிஸ்டரில் தூங்கும். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது தமிழில் எல்லா இடத்திலும் உள்ளது, பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. ஆனால் மருமகள் மாமனார் பேரை எப்படிச் சொல்லுவாள்? பெத்த பிள்ளையைத் திட்ட வேண்டுமே! அதற்குத்தான் விளிப்பேர். எங்கள் பாட்டி பாட்டாவின் பேரைச் செத்தாலும் சொல்லமாட்டாள். பாட்டா பேர் தங்கம் என்று தொடங்கும். அதனால் நகைக்கடையில் போய் நின்று 'அந்த மஞ்சச் சாமானம் எடுங்க' என்பாள். கடைக்காரருக்கும் விஷயம் தெரியும், ஒன்றும் கேட்கமாட்டார். லெ க்வின் அம்மையார் எங்கள் பாட்டியைச் சந்தித்திருந்தால் நிறையப் பேசியிருப்பார்கள்.

இந்த இடத்தில் தேவசகாயத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப்பிள்ளை, மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசரு ஆனார், அதன் தமிழ் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருநூற்று எழுபது வருஷம் கழித்து, 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விண்ணப்பம் ரோமுக்குப் போனது. சாதியைத் தாண்டியதற்காகச் செத்த மனுஷனை 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தோடு பீடத்தில் ஏற்றலாமா என்று. வாத்திகன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. இன்று அவர் புனித தேவசகாயம் மட்டும். ஊரில் இதற்கு வருத்தப்பட்டவர்களும் உண்டு, சரித்திரத்தில் இருந்த பேரை எப்படி எடுக்கலாம் என்று. எடுத்தது சரி என்பது என் கட்சி.

நெய்யாற்றின்கரைக்காரர் இன்னொருவர், ஜே.சி. டானியல். 1900இல் பிறந்தவர், மலையாள சினிமாவின் தந்தை என்கிறார்கள். ஜோசப் செல்லையா டானியல். இரண்டு பைபிள் பேருக்கு நடுவில் ஒரு செல்லையா! எங்கள் பக்கத்துப் பேருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் எடுத்த 'விகதகுமாரன்' மௌனப்படத்தில் நாயர் பெண் சரோஜினியாக நடித்தவர் பி.கே. ரோஸி. பிறந்தபோது ராஜம்மா, பிறகு ரோஸம்மா, சினிமாவுக்காக ரோஸி. புலையர் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் போட்டபோது, இவள் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். உயிருக்குப் பயந்து லாரியில் ஏறி நாகர்கோவிலுக்கு வந்தவர் கடைசி வரை அங்கே ராஜம்மாள் என்ற தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து முடித்தார். படத்தில் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்ட ஒரு கற்பனைப் பேருக்கு அந்த அம்மாள் கொடுத்த விலை அது.

சரி, நம் கட்டத்துக்கு வருவோம். 'சர்நேம்' என்று கேட்டதும் வெளிநாட்டில் நம் ஆட்கள் சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், எந்தப் பேர் 'குடும்பப் பேர்' மாதிரி இருக்கிறது என்று யோசித்து, தாத்தாவின் சாதிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துப் போடுகிறார்கள். அப்பா போட்டிருக்கமாட்டார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டு, மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டில் விட்டுத்தொலைத்ததை, ஒரு பாரத்தின் காலிக் கட்டம் திரும்பக் கொண்டுவருகிறது. கோட்டுக்கு எங்கள் பக்கம் அது அந்த அளவுக்குப் போகவில்லைதான். ஆனால் அங்கும் மன்னத்து பத்மநாப பிள்ளை, நாயர் சங்கத்தை நிறுவிய அதே மனுஷர், பிள்ளையை விட்டுவிட்டு வெறும் மன்னத்து பத்மநாபன் ஆனார். வீட்டுப்பேரை வைத்துக்கொண்டு சாதிப்பேரை விட்டார். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

என் மனைவி கன்னியாகுமரி மாவட்டம், கோட்டுக்கு அந்தப் பக்கம். அவளுடைய வாதம் வேறு. "கேரளாக்காரங்க மாதிரி வீட்டுப்பேர் எதுக்கு? அப்பா பேர் போதும், நம்ம தமிழ் வழக்கம் அதுதான்." அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. சங்கப் புலவர்களில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருக்கிறார்: ஊர், அப்பாவின் தொழில், பிறகு பேர். ஆனால் கணியன் பூங்குன்றனாரும் இருக்கிறாரே, அவருக்கு அப்பா பேர் எங்கே, ஊரும் தொழிலும் மட்டும்தானே என்று நான் சொன்னேன். அப்ப பிள்ளைக்கு 'சாஃப்ட்வேர் கள்ளிக்காட்டான்' என்று வையுங்க என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். :-)

கடைசியில் மகளுக்கு அப்பா பேரான என் பேர்தான் கடைசிப் பேராகப் பதிவானது. என் பேர் 'மணி' என்று முடியும். எங்கள் பக்கம் அதை இங்கிலீஷில் எழுதும்போது 'ஏ' போடாமல் 'ஓ' போட்டுவிடுவார்கள், நேசமணியின் பேரில் உள்ளது போல. அதனால் இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் 'மோனி' ஆகிவிட்டாள். இதுவும் ஒரு விளிப்பேர்தான். ஆனால் இதை வைத்தவர்களுக்கு அவள் உறவு இல்லை.

நடுப்பேராக வீட்டுப்பேரையும் சேர்க்க மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு சிக்கல். மகள் தன்னுடைய ராஜ்யத்துக்காக வீட்டுப்பேர்கள் கேட்டாள் என்று ஊரில் பெரியம்மைக்கு போன் போட்டேன். எண்பத்தி நாலு வயசு. ஒரே மூச்சில் ஐம்பத்தி மூன்று வீட்டுப்பேர் சொன்னாள், கிழக்கே இருந்து மேற்கே, நடந்து போகிற வரிசையில். எழுதிக்கொண்டே வந்தவன் பாதியில்தான் கவனித்தேன், எங்கள் வீட்டுக்கு அவள் சொன்ன பேர் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருப்பது இல்லை. "அது உங்க பாட்டா பள்ளிக்கூடத்தில சேக்கப் போனப்ப சாரு எழுதினது மக்ளே. பழைய பேரு இதுதான்" என்றாள். சாருக்கு அந்தப் பழைய பேர் எழுதக் கூச்சமாக இருந்ததாம். ஏன் என்று கேட்டேன். அந்தப் பேரில் பாட்டாவின் அப்பா யாருடைய நிலத்தில் குடியிருந்தார் என்பது இருக்கிறது. குடிகிடப்புக்காரன் பேர் அது.

மனுவில் எந்தப் பேரை எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. மகள் பழைய பேரைத்தான் எழுத வேண்டும் என்கிறாள். மனைவி இரண்டும் வேண்டாம் என்கிறாள். பெரியம்மை சொன்ன ஐம்பத்தி மூன்றும் நோட்டில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் உள்ளதைச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.